படத்தில் தெரியாத விரிசல்

பெருங்களத்தூர் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோதுதான் பிளஸ்ஸிக்கு அது உறைத்தது. பெரியவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்த விதம்.

பிளஸ்ஸி வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். அனகாபுத்தூரில் வீடு. பதினான்கு வருஷமாகத் தாம்பரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவள் வண்டி நுழையாத தெரு குறைவு. அன்று திங்கட்கிழமை காலை ஊரப்பாக்கத்தில் புதிதாக ஒரு வீடு கிடைத்திருந்தது. தேவானந்தம், எழுபத்தொன்பது வயது, மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை வெளியே கிளம்பச் செருப்பு மாட்டும்போது நிலைதடுமாறி வலது பக்கமாக விழுந்துவிட்டார். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை, சதையில் அடி, மெதுவாக நடக்கவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"எங்க வலிக்குது அங்கிள்?" என்று பிளஸ்ஸி கேட்டாள்.

"முட்டியிலம்மா," என்றார் அவர்.

அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கமில்லை. அழுத்தினாலும் அவர் முகம் சுளிக்கவில்லை. அங்கேயே அவள் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பத்தரைக்குச் சேலையூரில் இன்னொரு வீடு இருந்தது. வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிறுத்தினாள். ஹாலில் பன்னிரண்டு அடி நடந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, உதடு வெளுத்துப் போயிருந்தது. "சூப்பர் அங்கிள்," என்று தட்டிக்கொடுத்து உட்கார வைத்தாள். படுக்கும்போது இடது பாதத்தை வலது காலுக்கு அடியில் கொக்கி மாதிரிக் கொடுத்து, அந்தக் காலை ஒரு மூட்டையைத் தூக்குகிற மாதிரி மேலே தூக்கிப் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பையை மூடினாள்.

முட்டியில் வலி என்றால் ஏன் தொடையைத் தூக்க முடியவில்லை?

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "இன்னாக்கா, பச்சை வுழுந்து எவ்ளோ நேரமாவுது." பிளஸ்ஸி வண்டியைக் கிளப்பினாள்.

சேலையூரில் தோள்பட்டை நோயாளி ஒருவருக்குப் பத்து தடவை செய்ய வேண்டிய பயிற்சியை எத்தனை தடவை செய்யவைத்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பெரியவரின் மகன் ஃபிரெடியைப் போனில் அழைத்தாள்.

"சார், அப்பாவை நாளைக்கு நான் வர்ற வரைக்கும் நடக்கவிடாதீங்க. பாத்ரூமுக்குக்கூட வேணாம். ஒரு தடவை இடுப்பைப் பார்க்கணும்."

"இடுப்பும் சேர்த்துத்தான் மேடம் எக்ஸ்ரே எடுத்தாங்க. நார்மல்னு ரிப்போர்ட் கைல இருக்கு. நீங்களும் பார்த்தீங்களே."

"பார்த்தேன் சார். இருந்தாலும்."

"சரி, நாளைக்கு வாங்க," என்று அவன் வைத்துவிட்டான். மீட்டிங்கில் இருந்திருப்பான் போல. பிளஸ்ஸி அடுப்பில் ஏதோ வைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். அந்தப் பன்னிரண்டு அடியும் காலுக்குள் என்ன செய்திருக்கும் என்ற நினைப்பை அவளால் தள்ளிவைக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கே போய்விட்டாள். தேவானந்தத்தை நேராகப் படுக்கவைத்தாள். "வலது காலை முட்டி மடக்காம அப்படியே மேல தூக்குங்க அங்கிள்." அவர் முயன்றார். குதிகால் மெத்தையை விட்டு எழவில்லை. காலை இரண்டு கையாலும் பிடித்து, சப்பாத்திக் கட்டையை உருட்டுகிற மாதிரி லேசாக உள்ளே உருட்டினாள். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். குதிகாலில் உள்ளங்கையால் மெல்லத் தட்டினாள். அவர் கை தன்னையறியாமல் தொடையின் மேல்பக்கம் போய், பாதியிலேயே திரும்பி முட்டியில் வந்து உட்கார்ந்தது.

"அங்க வலிக்குதா அங்கிள்?"

"முட்டிதாம்மா," என்றார். கதவருகே மருமகள் ஜோசலின் நின்றிருந்தாள்.

பிளஸ்ஸி எழுந்து ஃபிரெடியின் அறைக்குப் போனாள். லேப்டாப்பை மூடாமலே அவன் திரும்பினான்.

"சார், இன்னிக்கு எக்சர்சைஸ் கொடுக்கமாட்டேன். இடுப்பு எலும்புல விரிசல் இருக்கலாம்னு தோணுது. வயசானவங்களுக்குச் சில விரிசல் எக்ஸ்ரேல வராது. எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் தெரியும்."

"எலும்பு முறிஞ்சவர் எப்படி மேடம் நடப்பாரு? நேத்து நீங்கதானே நடக்க வச்சீங்க? சூப்பர்னு வேற சொன்னீங்களாம்."

"ஆமா சார். தப்பு பண்ணிட்டேன். முட்டியில ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதுமே நான் நிறுத்தியிருக்கணும். எலும்பு விலகாம ஒண்ணோட ஒண்ணு பொருந்தி இருந்தா சில பேர் நடப்பாங்க. நடக்க நடக்கத்தான் அது விலகும்."

ஃபிரெடி லேப்டாப்பை மூடிவிட்டு அவளைப் பார்த்தான். கோபத்தைவிடக் களைப்புதான் முகத்தில் தெரிந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

"டாக்டர் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. அவரை மறுபடி தூக்கிக்கிட்டு அலைய முடியாது. சாயங்காலம் நாலு மணிக்கு வேற ஒருத்தரை வரச் சொல்லிக்கிறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

இதற்குமேல் பேச அங்கே இடமில்லை. வாசலில் செருப்பைத் தேடும்போது ஜோசலின் அருகில் வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். பக்கத்துப் பள்ளி ஒன்றில் டீச்சர். மதியத்தோடு வந்துவிடுவாள்.

பிளஸ்ஸி வண்டலூர் வரை வந்தாள். திருநீர்மலையில் பன்னிரண்டு மணிக்கு ஒரு நோயாளி. போனாள், பார்த்தாள், அந்த அம்மாள் கொடுத்த மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மணி ஒன்றரை. நாலு மணிக்கு வருகிறவருக்கும் அதே ரிப்போர்ட்டைத்தான் காட்டுவார்கள். அவரும் நிறுத்தித்தான் பார்ப்பார். தன்னை வேண்டாம் என்றவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனாலும் மதியம் பார்க்கவேண்டிய வீட்டுக்குப் போன் போட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும்போது, கதவைத் திறக்காமல் விட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்தது ஜோசலின். ஆச்சரியப்படவில்லை.

"நானே உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன் சிஸ்டர். நான் ஸ்கூல்ல இருந்து வந்தப்ப மாமா பாத்ரூம் போக எழுந்தாரு. கால் கீழ படலை. சுவரைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு."

"நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? நான் அவர்கிட்ட தனியா பேசறேன்."

தேவானந்தம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பிளஸ்ஸி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அங்கிள், என்னை நிறுத்திட்டாங்க. அதனால இப்ப நான் சொல்றதுல எனக்கு ஒரு லாபமும் இல்ல. கால்ல எந்த இடத்துல வலிச்சாலும் எனக்கு அது வெறும் கால்தான். நான் ஒரு நாளைக்கு ஆறு பேரைத் தொட்டுப் பார்க்கிறவ. எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க."

அவர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"முட்டியிலயும் வலிக்குதும்மா. பொய் இல்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா முதல்ல பிடிக்கிறது மேலதான். தொடை இடுக்குல. மருமகப் பொண்ணு பக்கத்துல நிக்கிறா, நீயும் பொம்பளைப் பிள்ளை. எப்படிச் சொல்றது? ஆஸ்பத்திரியிலயும் நர்ஸம்மாதான் கேட்டாங்க. முட்டின்னு சொல்லிட்டேன்."

"விழுந்ததிலிருந்தா?"

"விழுந்ததிலிருந்து. நேத்து நடந்தேன் பாரு, அதுக்கப்புறம் ரொம்ப."

பிளஸ்ஸி நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கூட வேலை பார்த்தவர் ஒருத்தரு," என்று அவர் தொடர்ந்தார். "இடுப்பு ஒடஞ்சு ஆபரேஷன்னு போனாரு. அப்புறம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்ல. அதான் வாயைத் திறக்கல."

"அங்கிள், இப்ப அது விரிசலா மட்டும் இருந்தா மூணு ஸ்க்ரூ போட்டு நிறுத்திடலாம். சின்ன ஆபரேஷன். மறுநாளே எழுந்து நிக்க வச்சிடுவாங்க. விலகிடுச்சுன்னா பெரிய ஆபரேஷன், இடுப்பு மூட்டையே மாத்தணும். நீங்க வாயைத் திறக்காம இருந்தா எது நடக்கும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அவனைக் கூப்பிடு," என்றார்.

ஃபிரெடி வந்து நின்றான். தேவானந்தம் மகனிடம் அதைச் சொல்ல இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தி, மூன்றாம் முறை சொன்னார். ஃபிரெடி போனை எடுத்து, நாலு மணிக்கு வரவேண்டியவரை வரவேண்டாம் என்றான். அடுத்து ஆம்புலன்ஸுக்கு அழைத்தான். காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போகக் கூடாது என்று பிளஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காலுக்கு இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, அசையாமல் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்வரை அவள் அந்தக் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். உள்ளே இயந்திரம் தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஃபிரெடி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். ஜோசலின் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள். பிளஸ்ஸிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. விரிசல் இல்லாவிட்டால் இவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. இருந்தால் நேற்று நடக்கவைத்தது அவள்தான். இரண்டில் எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா நின்றாள்.

விரிசல் இருந்தது. இடுப்போடு சேரும் தொடை எலும்பின் கழுத்தில், குறுக்கே ஒரு கோடு. விலகவில்லை.

அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தார்கள். எலும்பு டாக்டர் வெள்ளிக்கிழமை எடுத்த எக்ஸ்ரேயையும் வாங்கி வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். விரிசல் எங்கே என்று தெரிந்த பிறகும் அந்தப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இப்படிச் சிலது வரும்," என்றார் அவர். "படம் நார்மலா இருந்தாலும், ஆள் காலை ஊன முடியலைன்னா மறுபடி பார்க்கணும்." முதல் மருத்துவமனைக்குப் போய்ச் சண்டை போடுவதாக இருந்த ஃபிரெடி அத்தோடு அதை விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை மூன்று ஸ்க்ரூ போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஃபிரெடியிடமிருந்து பிளஸ்ஸிக்குப் போன் வந்தது. "மேடம், இங்க பிசியோ இருக்காங்க. அப்பா எழுந்திருக்கவே மாட்டேங்கிறாரு. உங்களை வரச் சொல்றாரு." "நானும்தான்," என்றான் வைப்பதற்கு முன்.

அவள் போனபோது தேவானந்தம் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் வாக்கர். வார்டு பிசியோதெரபிஸ்ட் ஒதுங்கி வழிவிட்டார். ஆபரேஷன் குறிப்பைப் பிளஸ்ஸி இரண்டு தடவை படித்தாள். ஸ்கேன் படத்தையும் ஆபரேஷனுக்குப் பின் எடுத்த படத்தையும் தானே வாங்கிப் பார்த்தாள். காலை ஊனலாமா, எவ்வளவு ஊனலாம் என்று டாக்டரிடம் போனில் ஒருமுறை கேட்டுக்கொண்டாள். அதற்கும் பிறகு குனிந்து, "எங்க வலிக்குது அங்கிள்?" என்று கேட்டாள்.

"தையல் போட்ட இடத்துல. தொடை இடுக்குல இல்ல," என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி. ஜோசலின் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பிளஸ்ஸி அவர் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்தாள். அவர் காலை ஊன்றப்போகும் இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"வைங்க அங்கிள்," என்றாள் கடைசியில்.

அவர் வலது காலை ஊன்றினார். நின்றார். இரண்டு அடி வைத்ததும் அவளே போதும் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டாள்.