அசையாத கால்

பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவள் வாயில் வேறென்ன வார்த்தை வரும்? "அசையாதீங்க." காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்கும்வரை அக்காவுக்கு அதுதான் பல்லவி. கைக்குழந்தையோ பல் போன கிழவரோ, எல்லாரையும் அந்த ஒரு சொல்லால் கட்டிப்போட்டுவிடுவாள். அவளுக்கு மசியாத ஒரே ஆள் கூடப் பிறந்த தங்கைதான். வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த வயசிலும் உட்கார்ந்தால் அவளுக்கு முழங்கால் ஆடும், நின்றால் குதிகால் ஆடும். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடம் தேடிப் போய்விடுவார்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பம்பரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு அக்கா கடலோரப் பாறைகளுக்குப் போனாள். புது லென்ஸ் வந்திருந்தது. அகன்ற லென்ஸ். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வானத்தை ஒரே படத்தில் அடக்கிவிடும்.

"வெள்ளைச் சுவரையும் ரெண்டு காதையும் எடுத்து எடுத்து அலுத்துப்போச்சுடி," என்றாள் அக்கா, வண்டியை ஓட்டிக்கொண்டே. "காதே இல்லாத ஒண்ணை ஒரு தடவையாவது எடுக்கணும். காலை ஆட்டாதே, சீட்டு நடுங்குது."

"சூரியன்கிட்டயும் தாடையை இறக்குங்கன்னு சொல்லப்போறியா?"

"அது தானா இறங்கும். உன்னை மாதிரி இல்ல."

பாறைக்கூட்டம் கடலுக்குள் கொஞ்ச தூரம் நீண்டிருந்தது. அக்கா உயரமான பாறை ஒன்றில் ஸ்டாண்டை விரித்து, கேமராவைப் பூட்டி, படத்தின் எல்லையைப் பார்த்து வைத்தாள். நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு பாறை. லென்ஸ் வழியாகப் பார்த்தால் அது எங்கேயோ அடிவானத்தை ஒட்டி, சுண்டைக்காய் அளவுக்குத் தெரிந்தது. பிறகு பையிலிருந்து ஃபில்டரை எடுத்தாள். வெல்டிங் செய்கிறவர் முகத்தில் போட்டுக்கொள்ளும் கண்ணாடி மாதிரி கன்னங்கரேல் என்றிருந்தது.

"இதை மாட்டினா என்னக்கா தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாது. அதுக்காகத்தான் ஷட்டரை நிமிஷக்கணக்கில தெறந்து வைக்கணும். அலையெல்லாம் பால் மாதிரி ஆயிடும். ஓடுற எதுவும் படத்துல நிக்காது."

"அப்ப நான் குறுக்க போனா?"

"நடந்துக்கிட்டே இருந்தா படத்துல வரவே மாட்ட. நின்னாத்தான் வருவ. அதனாலதான் தைரியமா உன்னைக் கூட்டியாந்தேன்."

தங்கை சிரித்தாள். உடுப்பில் பை இல்லாததால் போனைக் கேமராப் பையில் போட்டுவிட்டு, ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சங்கு பொறுக்கக் கீழே இறங்கிவிட்டாள்.

"ஷட்டர் தெறந்திருக்கிறப்ப பக்கத்துல வந்துடாதே, அதிரும். என்னைக் கூப்பிடவும் கூப்பிடாதே," என்று அக்கா முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லி அனுப்பினாள்.

முதல் படம் அருமையாக வந்தது. சூரியன் தண்ணீரைத் தொடும் நேரம். தங்கை பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்ததை அக்கா கண்ணால் பார்த்தாள், ஆனால் படத்தில் ஈ காக்கை இல்லை. இரண்டாவது படத்துக்குள் காற்று பிடித்துக்கொண்டது. கேமரா ஆடாமலிருக்க, கடலுக்கு முதுகைக் காட்டிக் குடையை விரித்துக்கொண்டு, லென்ஸை மறைக்காமல் பக்கவாட்டில் ஸ்டாண்டை அணைத்தபடி நின்றாள். குடைத்துணி படபடவென்று அடித்ததில் காதில் வேறெதுவும் விழவில்லை. வெளிச்சம் குறையக் குறைய ஷட்டரை இன்னும் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

படம் முடிந்து திரும்பியபோது சூரியன் போய்விட்டிருந்தது. பாறைகளெல்லாம் ஒரே கறுப்பு. தங்கையைக் காணோம்.

குளிர் தாங்காமல் வண்டிக்குப் போயிருப்பாள் என்று நினைத்தாள். மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் வண்டி பூட்டியபடி கிடந்தது. போன் போட்டாள். மணி அவள் தோளில் தொங்கிய கேமராப் பைக்குள்ளிருந்தே அடித்தது.

தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஒரு ஆள் மேலே வந்துகொண்டிருந்தார். நெற்றியில் விளக்கு கட்டியிருந்தார்.

"இங்க ஒரு பொம்பளை, மஞ்சள் உடுப்பு, பாத்தீங்களா?"

"நிக்காம சுத்திக்கிட்டே இருந்தாங்களே, அவங்களா? மீனையெல்லாம் வெரட்டிட்டாங்க." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. "போயிட்டாங்கன்னுல்ல நெனச்சேன். தண்ணி ஏறுதும்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல கீழ்ப் பாறையெல்லாம் முங்கிடும்."

இருவரும் கீழே ஓடினார்கள். அவர் விளக்கை அங்கேயும் இங்கேயும் திருப்பினார். எங்கு பார்த்தாலும் நுரை. சற்று முன்பு தங்கை சங்கு பொறுக்கிய இடத்தில் இப்போது தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. அக்கா கூப்பிட்டாள். காற்று அந்தக் குரலை அவள் வாயிலேயே திணித்தது.

அப்போதுதான் படம் நினைவுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தையும் அது உறிஞ்சி வைத்திருக்குமே. ஸ்டாண்டு நின்ற பாறைக்கு ஏறி, கேமராவைத் தட்டி, இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினாள். இருட்டிப்போன நேரம் அதில் பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. திமில் பாறையின் அடியில் மஞ்சளாக ஏதோ ஒன்று. மேல்பாதி வெறும் புகை. முகம் இல்லை, கை இல்லை. கீழே முழங்காலிலிருந்து ஒரே ஒரு கால் மட்டும் தெளிவாக, நாடாவோடு, ஷூவோடு.

செத்துப்போனவளின் ஆவியைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்த்தாள். பிறகு தொழில் புத்தி வேலை செய்தது. புகையானது ஆடியதால். கால் தெளிவாக விழுந்தது ஆடாததால். பம்பரத்தின் கால், ஒரு படம் முடியும் மட்டும் ஆடவில்லை.

"கால் மாட்டிக்கிச்சுங்க," என்றாள். "அவ கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டிருக்கா. கை படத்துல வரல."

திமில் பாறை தூரத்தில் இருக்கிறது என்று அவள் மூளையில் பதிந்திருந்தது. பாறைகளின் விளிம்பை நோக்கி, வழுக்கி வழுக்கி, விழுந்து எழுந்து ஓடினாள். அலை இடுப்பில் அடித்தது. எதிரே திறந்த கடலைத் தவிர ஒன்றுமில்லை. தங்கையைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று நினைத்தாள்.

"அம்மா, எங்க போறீங்க?" பின்னாலிருந்து தூண்டில்காரர் கத்தினார். "சத்தம் இந்தப் பக்கம் கேக்குது."

அகன்ற லென்ஸ் கிட்ட இருப்பதையும் எட்டத் தள்ளிவைத்துக் காட்டும்; அந்தத் தூரம்தான் அது. பாறை உண்மையில் கேமராவுக்கு எதிரேயே இருந்தது. அவள் அதைத் தாண்டி ஓடிவிட்டிருந்தாள்.

தங்கை மார்பளவு தண்ணீரில் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அலைக்கும் வாயை மேலே தூக்கினாள். குரல் கம்மிப்போயிருந்தது.

"அக்கா, கால் வரலக்கா. இழுக்க இழுக்க உள்ள போகுது."

தூண்டில்காரர் அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தார். அக்கா மூச்சைப் பிடித்து முங்கினாள். இரண்டு கல்லுக்கு நடுவே ஷூ ஆப்பு மாதிரி செருகியிருந்தது. நாடாவைத் தொட்டாள், தங்கை உதறியதில் விரல் நழுவியது. மறுபடி முங்கினாள். மறுபடியும் உதறல். மூன்றாவது தடவை மேலே வந்து, தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இங்க பாரு. என் மூக்கைப் பாரு. தாடையைக் கொஞ்சம் தூக்கு. அவ்வளவுதான்." போட்டோக் கடையில் பேசும் குரல். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "இப்ப அசையாதே."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். அசையாதே."

வாழ்க்கையில் முதல்தடவையாகப் பம்பரம் நின்றது. அலை முகத்தை மூடியபோதும் நின்றது. அக்கா கீழே இருட்டில் விரலால் தடவி ஒரு முடிச்சை அவிழ்த்தாள், பிறகு அடுத்ததை. ஷூவின் வாய் தளர்ந்தது. குதிகாலைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளியதும் கால் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. ஷூ அங்கேயே கிடந்தது.

இரண்டு பேரும் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தூண்டில்காரர் கேமராவையும் ஸ்டாண்டையும் மேலே கொண்டுவந்து பின்சீட்டில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்ச?"

அக்கா படத்தைக் காட்டினாள். தங்கை அந்தப் புகையையும் காலையும் வெகுநேரம் பார்த்தாள்.

"மூஞ்சியே இல்லயே. பாஸ்போர்ட்டுக்குச் செல்லாது," என்றாள். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. விரல் பட்டு முந்தின படம் வந்தது. தங்கமாய்த் தண்ணீர், வெறும் பாறை. "இதுல நான் எங்க?"

"நீ நடந்துக்கிட்டிருந்தே."

அந்த வெறும் பாறையை அக்காவால் பார்க்க முடியவில்லை. கால் மாட்டாமல், வழுக்கி அலையோடு போயிருந்தால்கூடப் படம் இப்படித்தான் வந்திருக்கும். இதே அழகோடு. கேமராவை வாங்கி ஆஃப் பண்ணி, பைக்குள் போட்டு மூடினாள்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் சீட்டு நடுங்கத் தொடங்கியது. வீங்கிய காலை நீட்டிவைத்துக்கொண்டு, மற்ற முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள் தங்கை. சட்டென்று நினைவு வந்து நிறுத்தினாள்.

"ஆட்டுடி," என்றாள் அக்கா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிறுத்தாதே."