வழுக்கையாற்றுக்கு மூன்று விடைகள்

யாழ்ப்பாணத்து வழுக்கையாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் பள்ளம். மாரி பெய்தால்தான் ஆறு. அதில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று முன்கூட்டிச் சொல்வதற்காக, மூன்று கணினி மாதிரிகளை ஒப்பிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தாள் பல்கலைக்கழக ஆய்வு மாணவி உதயகலா. சண்டைக்காலத்துப் பதிவு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கையில் இருந்தவை நான்கு மாரிக்காலங்களின் அளவுகள் மட்டும்.

தை பிறக்கும் நேரத்தில் கடலில் பெருமழை கொண்டுவரக்கூடிய தாழமுக்கம் உருவானது. ஆற்றங்கரையில் இருபது பரப்பு வயல் செய்யும் தியாகலிங்கம் காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார்.

“பிள்ளை, நெல்லு வெட்டுற மெசின் நாளைக்கு மட்டும்தான் எங்கடை பக்கம் நிக்குமாம். இப்ப வெட்டினால் பாதி பதர். ஆறு நாள் விட்டால் நல்லா முத்திடும், ஆள் பிடிச்சுக் கையாலை வெட்டலாம். வெள்ளம் வருமோ?”

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, பார்த்துச் சொல்லுறன்.”

வரப்போகும் மழையின் கணிப்பை மூன்று மாதிரிகளுக்கும் கொடுத்தாள். ஆறு கரைக்குள்ளேயே ஓடும் என்றது முதலாவது. வரம்பைத் தொடும் என்றது இரண்டாவது. மூன்றாவதின்படி வயலில் இடுப்பளவு தண்ணீர். முன்பு எது சரியாகச் சொன்னது என்று பார்த்தாள். முதலாவது இரண்டு மாரிகளில், மற்றவை ஒவ்வொன்றில். பின்னேரம்வரை எண்களை மாற்றிப் பார்த்தாள். விடைகள் இன்னும் விலகிப் போயின.

“அண்ணை, ஒண்டு வரும் எண்டுது, ஒண்டு வராது எண்டுது. எது சரியெண்டு எனக்குத் தெரியேல்லை.”

“நீங்கள் படிச்ச பிள்ளை. உங்கடை மனம் என்ன சொல்லுது?”

“வராது எண்டுதான் நினைக்கிறன். ஆனால் அதை நம்பி...”

“ஓம், சரி பிள்ளை.” வைத்துவிட்டார்.

மெசின் வரவேண்டாமென்று அவர் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை.

வெள்ளம் வடிந்தபின் உதயகலா போனாள். கதிர்கள் சேற்றில் படுத்துக் கிடந்தன. நெல்மணிகளில் வெள்ளை முளை. தியாகலிங்கமும் மனைவி செல்வநாயகியும் குனிந்து, மிஞ்சியதை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்களிலை பிழையில்லை, பிள்ளை” என்றார் அவர். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

வரம்பில் நிற்கும்போதே அவளது பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் உற்சாகம்.

“உதயகலா, பெரிய வெள்ளம் ஒண்டின்ரை பதிவு இப்பதான் எங்களுக்குக் கிடைச்சிருக்கு. மூண்டாவதுதான் சரியா வந்திருக்கு.”

“அடுத்தமுறையும் அதுதான் சரியா வருமோ, சேர்?”

“அதைச் சொல்ல இன்னும் நிறைய வெள்ளம் பார்க்கவேணும்.”

செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள். கிடந்த அரிவாளை எடுத்தாள். எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை.

“விடுங்கோ பிள்ளை, கையை வெட்டிப்போடுவியள்” என்று செல்வநாயகி அதை வாங்கிக்கொண்டார்.

உதயகலா சேற்றுக்குள் அப்படியே நின்றாள்.