படுத்தபடியே

"நிமிர்த்திட்டா ஒரு நொடி வேலைம்மா. பெல்ட் போட்டுக் கட்டிட்டா ஐயா அசையவே மாட்டாரு" என்று அமரர் ஊர்தி வண்டிக்காரர் ஸ்ட்ரெச்சரின் வார்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மகள் குறுக்கே கையை நீட்டினாள்.

"நிக்க வைக்காதீங்க."

"லிஃப்ட் சின்னதும்மா, உள்ள போகாது. படிக்கட்டுத் திருப்பத்துல இதைப் படுத்த வாக்குல திருப்ப முடியாது. எல்லா வீட்லயும் இப்படித்தான் எறக்குறோம்."

"புரியுதுண்ணே. ஆனா அப்பாவ நிக்க வைக்காதீங்க."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணன் புடிச்ச முயலுக்கும் மூணே கால், இவ புடிச்ச முயலுக்கும் மூணே கால். இந்த வீட்ல நாலு காலோட ஒரு முயலாவது உண்டா?"

இரவெல்லாம் தூங்காததில் காலை வெளிச்சம் அவளுக்குப் பால் கலந்தது போலத் தெரிந்தது. சித்தப்பா பேசுவது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ கேட்டது. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் தெளிவாக இருந்தாள். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து மாதக்கணக்கில் தினமும் காலையில் உடற்பயிற்சி கொடுக்கிற அம்மாள் வந்து அவரைச் சுவரோரமாக நிறுத்துவாள். முழங்கால் வெடவெடக்க, மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். நேற்றுச் சாயங்காலம் இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "இனிமே என்னை நிக்க வைக்காதம்மா" என்றார். சரிப்பா என்றாள். பொழுது விடிவதற்குள் போய்விட்டார்.

வாழ்நாளில் அவளிடம் அவர் நேராகக் கேட்டது அந்த ஒன்றுதான். மற்றபடி எதைக் கேட்டாலும், "நீ என்ன நெனைக்கிற?" என்று கேள்வியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். சின்ன வயதில் கணக்குக்கும் அதே பதில், காய்ச்சலுக்கும் அதே பதில். கட்டினவன் வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு வந்து நின்று, "நான் என்னப்பா பண்ணட்டும்?" என்று அழுதபோதும் அதேதான். கிணற்றில் விழுந்தவளிடம் நீச்சலைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்று விசாரிக்கிற மனுஷரை என்ன செய்வது? அதற்கப்புறம் ஒரு வருஷம் அவரோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வலி இன்னும் ஆறவில்லை. இன்று காலையிலும் அது இருந்தது.

பல்கலைக்கழகத்திலும் அவர் அப்படித்தான். பொறியியல் மாணவர்களுக்கு இயக்கவியல் பாடம். உள்ளே வருவார், பலகையில் ஒரு கேள்வியை எழுதுவார், வெளியே போய்விடுவார். பிள்ளைகள் நூலகத்தில் தேடியோ, பட்டறையில் உருட்டியோ, ஒருவர் முடியை ஒருவர் பிய்த்துக்கொண்டோ விடையைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியது. அவருக்கு 'வெளிநடப்பு' என்று பேர் வைத்திருந்தார்கள். சக பேராசிரியர்கள் வேறு பேர்கள் வைத்திருந்தார்கள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அந்தப் பிள்ளைகளில் ஆறு பேர் செய்தி கேட்டு வந்து, வாசலில் தூக்கக் கலக்கத்தோடு நின்றிருந்தார்கள். நடந்த பேச்செல்லாம் அவர்கள் காதில் விழுந்தது. நெட்டையான ஒரு பெண் சத்தமில்லாமல் படியிறங்கிப் போய்த் திருப்பத்தில் கையை விரித்து அளந்தாள். இன்னொருவன் ஸ்ட்ரெச்சரைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை பார்த்தான்.

"ஸ்ட்ரெச்சர் கைப்பிடிதான்டி இடிக்குது. அது இல்லேன்னா?"

"அப்பவும் மூலை சுவத்துல மாட்டும்."

"படிக்கட்டுக் கம்பிக்கு மேல தூக்கிட்டா? கால் பக்கம் வெளிய, வெட்டவெளியில சுத்திக்கட்டுமே. கீழ்ப்படியில நிக்கிறவங்க வாங்கிக்கலாம்."

"விழுந்தா?"

"அதான் முதல்ல சும்மா தூக்கிப் பார்க்கணும்."

யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அவர்களுக்கு விட்டுப்போயிருந்தது. கைப்பிடியில்லாத பலகைக்காகக் கூடத்து அலமாரியின் கதவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சித்தப்பா, "டேய், டேய்! இது எழவு வீடா, பரீட்சை ஹாலா?" என்று பதறினார். வண்டிக்காரர் மட்டும் சுவாரசியமாகி, வார்களைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"கனத்தோட தூக்கிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள் நெட்டைப் பெண். "சார் உயரத்துக்கு ஒரு ஆள் வேணும்."

மகள் செருப்பைக் கழற்றினாள். "நான் அப்பா உயரம்தான்."

"உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றார் சித்தப்பா. அதற்குள் அவள் கதவின் மேல் மல்லாந்து படுத்துவிட்டாள்.

தூக்கினார்கள். கூடம் கீழே போயிற்று. விளக்கு, வாசல் நிலை, மேல்மாடிப் படிகளின் அடிப்பக்கம் எல்லாம் அவள் முகத்துக்கு மேலே மெதுவாக மிதந்து போயின. எத்தனையோ வருஷமாக ஏறி இறங்கிய படிக்கட்டு, ஆனால் இந்தப் பக்கத்தை அவள் பார்த்ததேயில்லை. யாரோ பெயின்ட் அடித்தபோது பாதியில் விட்ட ஒரு நீல ஓரம் இருந்தது. உடம்பில் கனமே இல்லை. இப்படியே எங்காவது கொண்டுபோய்விட்டால் தேவலை என்று தோன்றியது. திருப்பத்தில் கால்கள் கம்பிக்கு வெளியே, நாலு மாடி வெற்றிடத்துக்கு மேல் சுற்றின. பயமாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா உங்களையும் கேள்வியோட இப்படித்தான் விட்டுட்டுப் போவாரா?" என்று படுத்தபடியே கேட்டாள்.

தலைமாட்டைப் பிடித்திருந்த நெட்டைப் பெண் மூச்சு வாங்கினாள். "எங்கக்கா போனாரு? வராண்டாவுலதான் நிப்பாரு. கதவுக்கு அடியில அவரு செருப்பு தெரியும். நாங்க கத்துவோம், அடிச்சுக்குவோம், அந்தச் செருப்பு நகரவே நகராது. பீரியட் முடியறவரைக்கும் கால் கடுக்க நிப்பாரு. எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது."

மகள் கண்ணைத் திறக்கவில்லை. அந்த ஒரு வருஷம் தன் அறைக் கதவுக்கு அடியில் ஒருநாளாவது குனிந்து பார்த்திருக்கலாம் என்று நினைத்தாள். கண்ணீர் காதுக்குள் போயிற்று.

கீழ்த்தளம்வரை போய்த் திரும்பினார்கள். "வருது! படுத்த வாக்குலயே வருது!" என்று ஒருவன் கத்திவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்புறம் அதே கதவின் மேல் அப்பாவைக் கிடத்தினார்கள். வார் கட்டினார்கள். முதல் திருப்பம் சுலபமாக முடிந்தது. இரண்டாவதில்தான் அவர்கள் செய்த தவறு தெரிந்தது. உயிருள்ள உடம்பு தன்னையறியாமல் தன்னைத் தாங்கிக்கொள்ளும். அவளும் அப்படித்தான் கதவோரங்களைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அப்பா எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. பலகை ஒருச்சாய்ந்ததும் வாருக்குள்ளேயே வழுக்கிச் சுவர்ப் பக்கமாகச் சரிந்தார்.

"தப்புப் பண்ணிட்டோம்" என்றாள் நெட்டைப் பெண்.

"நிமிர்த்துங்கடா! விழப்போறாரு, நிமிர்த்துங்க!" என்று சித்தப்பா மேலிருந்து அலறினார்.

அப்பா, இப்ப என்ன பண்றது என்று பழக்கதோஷத்தில் மகள் மனசுக்குள் கேட்டாள். முதல் தடவையாக அந்தக் கேள்வி அவளிடம் திரும்பி வரவில்லை.

குனிந்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் நுழைந்தாள். முதுகு சுவரில் தேய, தன் தோளை அப்பாவின் தோளுக்கு அணைகொடுத்து நிறுத்தினாள். சரிவு நின்றது. அவர் தலை அவள் கழுத்தோரம் வந்து படிந்தது. தாடி இரண்டு நாள் வளர்ந்து சொரசொரத்தது.

"இப்ப எறக்குங்க. மெதுவா. நான் புடிச்சிருக்கேன்."

கம்பிக்கு மேலே கால்மாடு சுற்றியது. பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினாள். ஜன்னல் வெளிச்சம் வந்து அப்பாவின் நெற்றியில் விழுந்தது, போயிற்று, அடுத்த மாடியில் மறுபடி விழுந்தது. படிகள் முடிகிற மாதிரியே தெரியவில்லை. முடியவேண்டும் என்றும் அவளுக்கு இல்லை.

"வந்தாச்சுக்கா" என்று யாரோ சொன்னார்கள்.

"தரை வந்துடுச்சும்மா. விடு, நாங்க வாங்கிக்கிறோம்" என்றார் வண்டிக்காரர்.

அவள் அப்பாவின் தலையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, வழவழப்பான சமதரையில், அடுத்த படி எங்கே என்று காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.