மனுவைத் திரும்பப் பெறும் ஐகான்

வக்கீல் ஆபீசுகளுக்கென்று செய்த அந்த மென்பொருளின் கையேட்டில், மீரா சேர்க்க வேண்டிய ஐகான் படம் இன்னும் ஒன்றுதான் பாக்கி. சாயங்காலத்துக்குள் அது சேர்ந்துவிட்டால் கையேடு அச்சுக்குப் போய்விடும். மறுநாள் அவளுக்கு லீவு. குடும்ப நீதிமன்றத்தில் அவளுக்கும் ஹரிநாராயணனுக்கும் இரண்டாவது விசாரணை. அதோடு விவாகரத்து ஆகிவிடும். அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கீழே தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கேட்கும் ஹாரன் சத்தம்போல அதுவும் வெளியே எங்கோ கேட்டது.

ஐகான் படம் எடுப்பது பார்க்கத்தான் சுலபம். வரைந்தவரின் ஃபோல்டரில் எல்லாப் படமும் பெரிதாக, அழகாக இருக்கும். ஆனால் சுருக்கினால் கோடுகள் குழம்பிவிடும்; பாதிப் படங்கள் பிற்பாடு மாற்றப்பட்டும் இருக்கும். கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையில் தேடுகிறவருக்கு, திரையில் இருப்பதேதான் தாளிலும் இருக்க வேண்டும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளிலிருந்துதான் அதைப் பிடிக்க வேண்டும். திரையின் அளவு நூறு சதவீதத்தில் இல்லாவிட்டால் விளிம்பு மங்கும். கர்சர் மேலே நின்றால் ஐகானைச் சுற்றி நீலக் கட்டம் விழும். அதைத் தூரத்தில் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம், ஐகான் விழித்திருப்பது. இப்போது செய்ய முடியாத வேலையின் ஐகானை மென்பொருள் சாம்பல் நிறமாக்கி வைத்துவிடும். ஒட்டுகிற ஐகான் நிறத்தோடு வேண்டுமென்றால், முதலில் எதையாவது நகலெடுத்திருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதற்கான சூழ்நிலையை உண்டாக்கித் தர வேண்டும். மீராவுக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான். போன வருஷம்வரை பிடித்திருந்தது.

மிச்சமிருந்தது, வளைந்த அம்புக்குறி போட்ட ஒரு காகிதப் படம். மனுவைத் திரும்பப் பெறுவதற்கானது. எந்தச் சோதனை வழக்கைத் திறந்தாலும் அது சாம்பலாகவே கிடந்தது. புரோகிராம் எழுதிய ஜிபினிடம் போனாள். அவன் அம்மாவுக்கு மார்த்தாண்டம். மீராவிடம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவான்.

"ஜிபின், இது எந்தக் கேஸிலயும் முழிச்சுக்கவே மாட்டேங்கறதே."

"சேச்சி, அது எல்லாத்துக்கும் வராது. ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கேக்குற டைவர்ஸ் கேஸ் போடணும். முதல் ஹியரிங் முடிஞ்சிருக்கணும், ரெண்டாவது முடிஞ்சிருக்கக் கூடாது. அந்த இடையில மாத்ரம் கலர் வரும். ரெண்டாவதும் ஏறியாச்சுன்னா பின்ன பிரம்மா வந்து அமுக்கினாலும் அனங்காது."

"சரி."

"நாளைக்கு லீவு போட்டிருக்கீங்களே, கல்யாணமா?"

"அந்த வகைதான்."

"அப்போ எனக்குப் பாயசம் கொண்டு வரணும், கேட்டோ."

தன் இடத்துக்குத் திரும்பி வந்து, புது வழக்கு ஒன்றைத் திறந்தாள். பெயர்களுக்கு மனுதாரர் ஒன்று, மனுதாரர் இரண்டு என்று அடித்தாள். முதல் விசாரணைத் தேதி கேட்டது. விரலுக்கு வந்த தேதியை அடித்தபிறகுதான் அது தங்களுடைய தேதி என்று தெரிந்தது. மாற்றவில்லை. சேமித்ததும் ஐகானுக்கு நிறம் வந்தது. பச்சைக் காகிதம், ஆரஞ்சு அம்பு. படத்தைப் பிடித்து வைத்தாள்.

ஐகானை அமுக்கிப் பார்க்காமல் அது என்ன செய்யும் என்று அவள் எழுதுவதில்லை. அமுக்கினாள். ஒரு பெட்டி வந்தது. 'காரணம்' என்று போட்டு, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் மேலே போக முடியாது. இந்த மாதிரிப் பெட்டிகளில் அவள் எப்போதும் 'சோதனை' என்று அடித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இன்று விரல்கள் சும்மா இருந்தன.

போன் அடித்தது. ஹரிநாராயணன்.

"வக்கீல் பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கார். நான் பழவங்காடியில நிக்கட்டுமா? ஒரே ஆட்டோல போயிடலாம்."

"ஒண்ணா போய் இறங்கினா ஜட்ஜுக்கு சந்தேகம் வந்துடும்."

அவன் சிரித்தான். "மீரா, உனக்கு வேற யோசனை ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. நாளைக்கப்புறம் சொல்லி பிரயோஜனமில்லை."

"உங்களுக்கு இருக்கா?"

"நீ டைவர்ஸ் வேண்டாம்னா, நான் ஒத்தைக்கால்ல நிக்க மாட்டேன்."

காலிப் பெட்டிக்குள் கர்சர் மின்னி மின்னி மறைந்தது. அவர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவதற்கு ஒரு விஷயமாவது இருந்திருக்கும்.

"ஒரு காரணம் வேணுமே," என்றாள்.

"எதுக்கு?"

"வேண்டாம்னு சொல்றதுக்கு."

அவன் யோசிப்பது கேட்டது. ஏதாவது சொல்லிவிடுவானோ என்று அவளும் காத்திருந்தாள்.

"எனக்கும் ஒண்ணும் தோணலை," என்றான்.

"சரி. நான் நேரா கோர்ட்டுக்கு வந்துடறேன்."

போனைக் கவிழ்த்து வைத்தாள். பெட்டியை ரத்து செய்து மூடினாள். இரண்டாவது விசாரணை முடிந்த தேதிக்கான கட்டத்தில் நாளைய தேதியைப் போட்டுச் சேமித்தாள். பச்சையும் ஆரஞ்சும் ஒரே நேரத்தில் போய், காகிதமும் அம்பும் சாம்பலாயின. ஏதாவது தோன்றும் என்று பார்த்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் படமும் கையேட்டுக்கு வேண்டும். இல்லாவிட்டால் வக்கீல் குமாஸ்தாக்கள் மென்பொருள் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் போன் செய்வார்கள். கர்சரைத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தி அதையும் பிடித்தாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கீழே எழுதினாள்: 'ஐகான் சாம்பல் நிறத்தில் இருந்தால் பழுது என்று பொருளில்லை. திரும்பப் பெறுவதற்கான காலம் முடிந்துவிட்டது.'

ஒருமுறை படித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. கையேட்டை அச்சுக்கு அனுப்பிவிட்டு, படம் கிடைத்துவிட்டதென்று ஜிபினுக்கு ஒரு வரி போட்டாள்.

'பாயசம் மறக்கண்டா' என்று பதில் வந்தது.

'மறக்க மாட்டேன்' என்று அடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.