இரண்டாவது கோல்கீப்பர்

"கேட்டாத்தான் என்னவாம்? வாயில இருக்கிற முத்து உதிர்ந்திடுமா?"

துணி மடித்துக்கொண்டே மனைவி அப்படிக் கேட்டபோது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"என்னன்னு கேக்கச் சொல்ற?"

"ஒரே ஒரு மேட்ச்ல நீங்க உக்காருங்க, நான் நிக்கறேன்னு. கூச்சமா இருந்தா சொல்லுங்க, எங்க அண்ணன்கிட்ட நானே கேக்கறேன்."

"நீ கேட்டா அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன். அதெல்லாம் கோச் முடிவு பண்றது."

"கோச் யார் பேச்சைக் கேப்பாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்!"

அதன்பிறகு ஒரு மகள் பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். அவன் இன்னும் கேட்டபாடில்லை.

அவன் ஆடும் கால்பந்து அணியின் முதல் கோல்கீப்பரும் கேப்டனும் மச்சான்தான். அவன் இரண்டாவது. முன்னால் ஆடுகிறவன் களைத்துப் போனால் பாதி ஆட்டத்தில் ஆளை மாற்றுவார்கள். கோல்கீப்பரை அப்படி யாரும் மாற்றுவதில்லை. அவராக அடிபட்டோ நோயிலோ விழுந்தால்தான் உண்டு. மச்சானுக்கோ சளிகூடப் பிடிப்பதில்லை. ரசிகர்கள் அவரைக் 'கோட்டை' என்றார்கள். இவனுக்கு அணியில் வைத்த பெயர் 'ஸ்டெப்னி'.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் கேட்டதற்கு மகள், "மாமாவுக்குப் பந்து போடுவாரு" என்றாளாம். குழந்தை சொன்னதில் பொய்யில்லை. ஆட்டம் தொடங்கும் முன் மச்சானின் நெஞ்சுக்கு நேராக, கையில் வந்து உட்காரும்படி பந்து உதைப்பது இவன் வேலை. பத்துப் பந்தையும் பிடித்துவிட்டால் கோல்கீப்பருக்குத் தன் கைமேல் நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டு இவன் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். எதிரணி பந்தோடு ஓடிவரும்போதெல்லாம், கோல் விழட்டும் என்று உள்ளுக்குள் ஒரு பாவி முணுமுணுப்பான். விழாது. எல்லோரோடும் சேர்ந்து இவனும் எழுந்து கைதட்டுவான்.

இப்போது வேலைநிறுத்தம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாதிச் சம்பளம்தான் என்று அணி முதலாளிகள் புது ஒப்பந்தம் நீட்டினார்கள். வீரர்கள் கையெழுத்துப் போடவில்லை. முதலாளிகள் மைதானத்தின் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். வீரர்கள் பக்கத்திலிருந்து பேசப் போவது மச்சான்தான். "உங்களுக்கு மட்டும் தனியா உயர்த்தித் தர்றோம்" என்றதற்கு, "என் பசங்களுக்குக் குடுங்க, போதும்" என்று எழுந்து வந்துவிட்டாராம். டிவியில் அதைப் பார்த்து மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன் மனசு யாருக்கு வரும்!"

அவனுக்கு வயிறு எரிந்தது. பந்தைத்தான் விட மாட்டார் என்றால், நல்ல பெயரிலும் கொஞ்சம் மிச்சம் வைக்க மாட்டாரா? ஒருநாளாவது அந்த மனிதர் அற்பமாக நடந்துகொண்டால், நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போகலாம்.

மறுநாள் காலை அணியின் மேனேஜர் போன் செய்தார்.

"சனிக்கிழமை மேட்ச் நடக்குது தம்பி. புதுப் பசங்கள இறக்கறோம். கோல்ல நீ நில்லு. ஆட்டம் முழுக்க உனக்குத்தான்."

"மச்சான்..."

"அவரைப் பார்த்தா நீ ரிட்டயர் ஆகறவரைக்கும் பெஞ்சுதான். சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

இதற்கு முன் அந்த மேனேஜர் அவனுக்கு வணக்கம் சொன்னதுகூட இல்லை.

கையுறைகளை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் இருந்த மண் திடலுக்குப் போனான். கேட் பூட்டியதிலிருந்து அங்கேதான் பயிற்சி. கோல் கம்பங்களாக நிறுத்திய இரண்டு டிரம்களுக்கு நடுவே மச்சான் நின்றிருந்தார்.

"வா மாப்பிள்ள! கை வெறச்சுப் போய்க் கெடக்கு. நாலு போடு."

அவன் போட்டான். நெஞ்சுக்கு அல்ல. முதல் பந்து இடது டிரம்மை உரசிக்கொண்டு உள்ளே போனது. இரண்டாவது வலது மூலைக்கு. மச்சான் பாய்ந்து மண்ணில் விழுந்தார். மூன்றாவது, அவர் எழுவதற்குள்.

"ஸ்டெப்னிக்கு இன்னைக்குக் காத்து ஜாஸ்திடா!" என்று யாரோ கத்த, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த பந்து மச்சானின் விரல்களை மடக்கிவிட்டுப் போனதும் சிரிப்பு நின்றது.

விரல்களை உதறியபடி அவர் நடந்து வந்தார்.

"என்ன, வீட்ல சண்டையா?"

"மேனேஜர் போன் பண்ணாரு. சனிக்கிழமை என்னை நிக்கச் சொல்றாரு."

மச்சான் கையுறையைக் கழற்றினார். நடுவிரல் அதற்குள் வீங்கியிருந்தது.

"போறியா?"

"சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

"மாப்பிள்ள, உனக்காகத்தானே இவ்வளவும். பாதிச் சம்பளத்துல என் தங்கச்சியும் குழந்தையும் எப்படி..."

"சம்பளத்தை யாரு கேட்டா?"

குரல் அவனையும் மீறி உயர்ந்துவிட்டது. திடலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப என்னதான் வேணும்? கேட்டாத்தானே தெரியும்? இத்தனை வருஷமா என்கிட்ட நீ ஒரு வாய்த் தண்ணிகூடக் கேட்டதில்லையே. நான் என்ன, உன் மனசுக்குள்ள பூந்தா பாக்க முடியும்?"

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மேனேஜர். அவசரம் அவருக்கு. அவன் திரையைப் பார்த்தான். புது வலை, வெள்ளைக் கோடு, ஆட்டம் முழுக்க அவனுக்கே. வெளியே பூட்டிய கேட்டில் இவர்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் விழுந்து பிடித்தாலும் எழுந்து கைதட்ட பெஞ்சில் இவர்களில் ஒருவரும் இருக்க மாட்டார்.

இணைப்பைத் துண்டித்தான்.

"சனிக்கிழமை போகல மச்சான்."

"அது போதும்டா" என்று அவர் தோளில் கைபோட வந்தார். அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"போதாது. நான் இன்னும் கேக்கல."

மச்சான் கையை இறக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"கேட் தொறந்ததும் வர்ற முதல் மேட்ச்ல நீங்க பெஞ்சுல உக்காருங்க, மச்சான். கோல்ல நான் நிக்கறேன்."