ரோஷன் பாடலாமா?

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் நாற்காலி போதவில்லை. ஆண்டு விழாவில் பாடகர் ரோஷனைப் பாட வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் கூட்டம். செம்பூரிலிருந்து மாஹிம் வரை அவன் குரல் கேட்காத தமிழ்க் கல்யாணம் கிடையாது. தாராவிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாட்டு வகுப்பும் நடத்தினான். அங்கே வந்த சிறுமிகளை எடுக்கக் கூடாத விதத்தில் படமெடுத்து விற்றான் என்று கோர்ட்டில் நிரூபணமாயிற்று. உள்ளே போனவன் ஒரு வருஷம்கூட முடியாமல் திரும்பி வந்துவிட்டான்.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்புறம் சுவரில் சாய்ந்து அவள் புருஷன் சுடலை. சாட்சி சொன்ன பிள்ளைகளில் அவர்கள் மகள் புஷ்பமும் ஒருத்தி என்பது அந்த ஹாலில் இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கதவைச் சாத்தி விசாரித்ததால் பெயர் வெளியே வரவில்லை. கோர்ட்டுக்குப் போன நாட்களில் டிராம்பேயில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று தெருவில் சொல்லி வைத்தார்கள். மே மாத வெக்கையிலும் புஷ்பம் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. அதற்கும் ஏதோ காய்ச்சல் என்று சொல்லி வைத்தார்கள். கூட்டத்துக்குப் போகாதே என்று சுடலை காலையிலேயே தடுத்துப் பார்த்தான். ஊர் என்ன சொல்கிறது என்று கேட்டே தீர வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

தலைவர் வெங்கடேஸ்வரன் மாட்டுங்காக்காரர், பாங்கில் பெரிய ஆபீஸர். "பண்ணினது தப்புதான், நான் இல்லேங்கலை. ஆனா தண்டனையை அனுபவிச்சாச்சு. கோர்ட்டுக்கு மேல நாம யாரு? பாட்டு வேற, மனுஷன் வேற" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கைதட்டல்கூடக் கேட்டது.

அய்யாத்துரை எழுந்தான். தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்துக்குள் கேசட் கடை வைத்திருப்பவன். தீர்ப்பு வந்த அன்றைக்கு ரோஷனின் கேசட்டுகளை நடுரோட்டில் போட்டு மிதித்தவன்.

"என்னய்யா தண்டனை? பேர் பெத்தவன்னா கோர்ட்டும் கும்பிடுதா? ரயில்ல ஜேப்படி அடிக்கவன் கிடந்து சாவுதான், இவன் மாலையோட வாரான். படம் எடுத்த கைய வெட்டணும்வே!" பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நெத்தியில தையல் போட்ட சின்னப்புள்ள, அழுத கண்ணோட நிக்கி. அதப் பாத்த பொறவு எவனுக்குவே பாட்டு கேக்க மனசு வரும்?"

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

குழாயடியில் விழுந்து புஷ்பத்துக்குப் போட்ட தையல் அது. ஒரு வாரத்தில் பிரித்தாயிற்று. இப்போது நூலளவு தழும்புதான், அதையும் முடி மறைத்துவிடும். படத்தைப் பார்க்காதவனுக்கு அது தெரிய வழியில்லை.

ஆவுடையம்மாள் எழுந்தாள். சுடலை தூரத்திலிருந்தே கையை அசைத்து உட்காரச் சொன்னான்.

"அந்தப் படத்த நீரு எங்க பாத்தீரு?"

அய்யாத்துரை திரும்பினான். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானம்மா..."

"போலீஸ் சீல் வச்ச படம்லா அது. நீரு எங்க பாத்தீரு?"

"கேள்விப்பட்டதச் சொன்னேன்" என்றவன் சிரிக்கப் பார்த்தான்.

அவனிடம் போய், அவன் எழுந்துவிட்ட இரும்பு மடக்கு நாற்காலியைத் தூக்கி அவள் அந்தச் சிரிப்பின்மேல் அடித்தாள். உதடு கிழிந்து பல் ஒன்று சிமெண்ட் தரையில் தெறித்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான்; பிடரியில் இன்னொரு அடி விழுந்தது. நாலு பேர் பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள். "பைத்தியமாட்டி ஒனக்கு?" என்று ஒருவன் அவள் கன்னத்தில் அறைந்தான்.

"அது எம்புள்ளல!" என்று அலறினாள். "அது எம்புள்ள!"

பிடித்திருந்த கைகள் விட்டன. இத்தனை மாதம் வாய் திறக்காத சுடலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அய்யாத்துரையை மல்லாக்கத் தள்ளி நெஞ்சில் முழங்காலை ஊன்றி, அவன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கினான்.

"கடையில என்னல வச்சிருக்க?"

அவன் சாவிக்கொத்தைத் திரும்பப் பிடுங்கக் கையை நீட்டினான்.

சுடலை சாவியோடு கடைக்குப் போய்ச் சேருமுன் கூட்டம் அதன் ஷட்டரைக் கடப்பாரையால் நெம்பிவிட்டது. கண்ணாடி அலமாரி நொறுங்கியது. கேசட்டுகளின் நாடா குடல் மாதிரி தரையில் இழுபட்டது. தடுக்க வந்த அய்யாத்துரையின் தம்பியைப் புரட்டிப் புரட்டி உதைத்தார்கள். "மாரோ சாலே கோ!" என்று இந்தியில் அடிக்கச் சொல்லிக்கொண்டு யார் எவரென்று தெரியாதவர்களும் ஓடி வந்தார்கள். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு காக்கி உறை கிழிந்து விழுந்தது. உள்ளே இருந்த படங்கள் காற்றில் பரவின.

உதைத்துக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். குனிந்தார்கள்.

"அடப்பாவி" என்றான் ஒருவன், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க, காட்டு" என்றான் அடுத்தவன். ஆவுடையம்மாள் கைக்குக் கை ஓடிப் பிடுங்கினாள். நகம் பட்டு ஒருவன் மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது. பிடுங்கியதையெல்லாம் பக்கத்து டீக்கடை அடுப்பில் திணித்தாள். புஷ்பத்தின் முகம் இருந்தது ஒன்றுதான் அதில் வந்தது. அது ஒன்றுதானா?

போலீஸ் வருவதாக யாரோ கத்த, கூட்டம் நழுவத் தொடங்கியது. அந்தக் கடைவரிசையிலிருந்து வெளியேற ஒரே சந்துதான். ஆவுடையம்மாள் ஓடிப்போய் அதன் வாயில் நின்றாள். அவிழ்ந்த முடியும் வீங்கிய கன்னமுமாகக் கையை நீட்டினாள்.

"பையில என்ன இருக்கு? எடுங்க."

சுடலை ஷட்டர் கம்பியோடு வந்து அவள் பக்கத்தில் நின்றான். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாருக்கும் முன்னால் வெங்கடேஸ்வரன் நின்றிருந்தார். வியர்த்திருந்தார். அவர் கை மெல்ல எழுந்து, வெள்ளைச் சட்டையின் பைக்குள் நுழைந்தது.