ஒரோஸ்பாயின் சாவுக்குக் காரணம்

முன்பெல்லாம் எங்கள் ஊரில் சிறுநீரகம் கெட்டவர்களை இரண்டு மலைக் கணவாய் தாண்டித் தலைநகர் பிஷ்கெக்குக்குக் கொண்டுபோக வேண்டும். பனிக்காலத்தில் பலர் வழியிலேயே போய்விடுவார்கள். கிர்கிஸ்தானின் தெற்கில் கிடக்கும் இந்த ஊருக்குப் பத்து டயாலிசிஸ் மெஷின்களைக் கொண்டுவந்தவர் புருல்சா டாக்டர். ஒன்பது வருஷம் அதற்காக அலைந்தார். மருத்துவக் கல்லூரியில் சிறுநீரகத் துறையைத் தொடங்கிப் பாடம் எடுத்தார். பிறகு அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே தலைமை டாக்டர் ஆனார். நான் சைக்கால், டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ். முதல் நாளிலிருந்து அங்கே இருப்பவள்.

மெஷினுக்குப் போகும் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் வடிகட்டிக்கு ஆயுள் முடிந்திருந்தது. புதியது கேட்டு சுகாதார அலுவலகத்துக்குப் புருல்சா ஏழு கடிதம் எழுதினார். அங்கே அதிகாரியாக இருந்த கெங்கெஷ் ஏழுக்கும் ஒரே பதிலை அனுப்பினார்: 'பரிசீலனையில் உள்ளது.' மெஷினை நிறுத்தினால் ஒரு வாரத்தில் சாவு விழும். அதனால் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

மார்ச் மாதம் ஒரு காலையில் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் நடுக்கம் கண்டது.

"ஜன்னலைச் சாத்து தாயி, குளுருது" என்றார் மினிபஸ் ஓட்டும் ஒரோஸ்பாய். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

மூன்று பேர் பிழைத்தார்கள். ஒரோஸ்பாய் மறுநாள் மத்தியானம் இறந்துபோனார். முப்பத்தொன்பது வயது.

புருல்சா எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார். மற்ற நோயாளிகளைப் பக்கத்து மாகாணத்துக்கு பஸ்ஸில் அனுப்பினார். இறப்புச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தபோது கெங்கெஷ் நேரிலேயே வந்துவிட்டார். ஏழு கடிதத்துக்கு வராத மனிதர்!

"மாரடைப்புன்னு எழுதிடுங்க அக்கா. கிட்னி நோயாளிக்கு இதயம் நிக்கிறது என்ன புதுசா?"

"தண்ணியில இருந்த கிருமி ரத்தத்துல ஏறிச் செத்தான். பரிசோதனை முடிவு இதோ இருக்கு, படிங்க."

"சொந்த ஆஸ்பத்திரி மேல நீங்களே சேத்தை வாரி அடிப்பீங்களா? உங்க பேரும்தான் நாறும்."

"நாறட்டும். மெஷினை ஓட்டச் சொன்னது நான். அதையும் எழுதுறேன். நீங்க அசையலங்கிறதையும் எழுதுறேன்."

எழுதினார். என்னையும் கூட்டிக்கொண்டு ஒரோஸ்பாய் வீட்டுக்கும் போனார். முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டிருந்தது. மனைவி அனார்கானிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

"உங்களை நம்பித்தானே அக்கா, வாரத்துக்கு மூணு தடவை அனுப்பினேன்" என்றாள் அவள்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ரொட்டி பிட்டுக் கொடுத்தார்கள். எங்களுக்கு யாரும் நீட்டவில்லை.

பத்தாம் நாள் கல்லூரியின் விசாரணைக் குழு கூடியது. புருல்சா மீது குற்றப்பத்திரிகை வாசித்தவன் எமில்பெக். அவரிடமே படித்து, அவர் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தவன். 'நிர்வாகத் திறமையின்மை' என்று படிக்கும்போது தலையைத் தூக்கவேயில்லை.

புருல்சா எழுந்து ஏழு கடிதங்களையும் தேதியோடு வாசித்தார். ஐந்தாவதை வாசிக்கும்போது, "போதும், நேரமில்லை" என்றார் தலைவர்.

"ஒரோஸ்பாய்க்கும் நேரம் இல்லாமத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு மீதியையும் வாசித்தார்.

அப்போது பின்வரிசையில் அனார்கான் எழுந்தாள். அவள் வந்திருந்ததே எங்களுக்குத் தெரியாது.

"இந்தம்மா எங்கிட்ட வந்து தப்பை ஒத்துக்கிட்டாங்க" என்றாள். குழுவோடு உட்கார்ந்திருந்த கெங்கெஷைப் பார்த்து, "நீங்க அந்தக் கடுதாசியில ஒண்ணையாவது பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

கெங்கெஷ் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். ஒருவராவது அவரைப் பதில் சொல்லச் சொன்னார்களா? இல்லை. அனார்கானைத்தான் வெளியே போகச் சொன்னார்கள்.

துறைத் தலைவர், தலைமை டாக்டர் என்ற புருல்சாவின் இரண்டு பதவிகளும் பறிபோயின. வார்டில் சாதாரண டாக்டராக இருக்கலாம் என்றார்கள். இருந்தார். கெங்கெஷுக்குத் தலைநகரில் பெரிய பதவி கிடைத்தது. வருஷக்கணக்கில் வராத வடிகட்டி ஐந்தே நாளில் வந்து இறங்கியது. அப்படியானால் அது எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கும்!

புது வடிகட்டிக்குத் திறப்பு விழா வைத்தார்கள். தலைநகரிலிருந்து வந்து நாடாவை வெட்டியது கெங்கெஷ். எங்களைக் கை தட்டச் சொன்னார்கள். நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் நின்ற புருல்சா என் தோளைத் தொட்டார். "வா சைக்கால், அவங்க ஆடி முடிக்கட்டும். நமக்குத் தண்ணி சாம்பிள் எடுக்கணும்."